கண் இமை உரிந்தால் காரணத்தைத் தேடுவோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எப்போதும் சேமிப்பு, கடன் என்று பேசும் நாம் இன்று கண் இமையைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

நம் குழு அக்கா ஒருவருக்கு இமைத் தோல் வறண்டு, செதில் செதிலாக உரிந்தது. "வெறும் வறட்சிதான், தேங்காய் எண்ணெய் தடவுங்க" என்று நாங்களும் சொல்லிவிட்டோம். அது எங்கள் தவறு. அக்கா மருந்துக் கடையில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கிப் போட்டார். இரண்டே நாளில் சரியானது. நிறுத்தினால் மறுபடி அரிப்பு. பல மாதம் இப்படியே ஓடியது. கண் டாக்டரிடம் அழைத்துப் போனபோதுதான் அது ஸ்டீராய்டு க்ரீம் என்று தெரிந்தது. நல்லவேளை, பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை.

உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத் தோல். அதில் நாள்கணக்கில் ஸ்டீராய்டு போட்டால் தோல் இன்னும் மெலியும். கண்ணுக்குள் அழுத்தம் கூடலாம், கண்புரையும் வரலாம். அழுத்தத்தால் போன பார்வை திரும்பி வராது.

இமை உரிய என்ன காரணம்?

1. ஒவ்வாமை: தலைக்குப் போடும் டை, நகப்பூச்சு, கண் மை, வாசனை க்ரீம். நகத்தில் ஒன்றும் தெரியாது. அந்த விரலால் கண்ணைத் தொட்டால் இமை உரியும். அக்காவுக்குக் காரணம் டைதான்.

2. எரிச்சல்: சோப்புத்தூள், பினாயில், மிளகாய் பட்ட கை.

3. பொடுகு: தலையில் இருப்பது புருவத்திலும் இமையிலும் வரும்.

4. இமை ஓர அழற்சி: காலையில் இமை முடி ஒட்டிக்கொள்ளும், அடியில் செதில் தெரியும்.

5. சிறு வயதிலிருந்தே வரும் கரப்பான்.

என்ன செய்யலாம்? புதிதாகப் போட ஆரம்பித்ததை முதலில் நிறுத்துங்க. கண்ணைக் கசக்காதீங்க. இமை ஓரத்தில் செதில் இருந்தால், சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, மூடிய கண்மேல் சில நிமிடம் ஒற்றி, மெதுவாகத் துடையுங்க. வலி, வீக்கம், பார்வை மங்கல் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஒரு வாரம், இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலும் காட்டுங்க.

ஊக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்துக்கு, வீட்டில் உள்ள க்ரீம் ட்யூப்களை எல்லோரையும் எடுத்து வரச் சொல்லுங்க. சேர்ந்து படித்துப் பார்ப்போம். டாக்டர் எழுதித் தராத எதையும் இமையில் போடுவதில்லை என்று தீர்மான நோட்டில் எழுதுவோம்.