காசில்லாமல் ஒரு பூந்தோட்டம்



நம் நாட்டில் இலையுதிர் காலம் ஏது? ஆண்டிறுதி மழைதான். வாடிய பூந்தொட்டிகளைப் புதுப்பிக்க இதுவே தருணம். "காசுக்கு எங்கே போறது சார்?" என்பீர்கள். பழைய மண்ணைக் கொட்டி, கட்டிகளை உடைத்து, மக்கிய சாணம் கலந்தாலே போதும். தொட்டி இல்லையா? காலி மைலோ டின்னின் அடியில் ஆணியால் நாலைந்து துளை போடுங்கள். 1960இல் தேசிய மலரான செம்பருத்தியை விலைக்கு வாங்குவானேன்? பக்கத்து வீட்டில் கேட்டு, 6 அங்குலக் குச்சி வெட்டி, அடியிலைகளைக் கிள்ளி நிழலில் நடுங்கள். சில வாரங்களில் வேர் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் மறந்துடாதீங்க. தொட்டிக்கடித் தட்டை வாரந்தோறும் கவிழ்த்து, தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தேங்கிய நீரில் ஏழெட்டு நாளில் கொசுவாகிவிடும். பூவுக்கு வைத்த தொட்டி, பிள்ளைக்கு டிங்கி தரலாமா?