படியேறினால் மூச்சு வாங்குகிறதா?

(குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தூசி என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலை, தார்ப்பாய் சரியாக மூடாமல் ஓடும் லாரி. பெரம்பலூர் பக்கம் கல் குவாரி, கிரஷர், அறுவடைக் காலத்தில் மக்காச்சோளம் அடிக்கும் தூசி. இதோடு நம் அம்மாக்கள் முப்பது நாற்பது வருடம் விறகடுப்பை ஊதி ஊதிச் சமைத்த புகை. இப்போது காஸ் அடுப்பு, மூன்றாவது மாடி வீடு என்று வந்துவிட்டோம். ஆனால் அந்தப் புகை நுரையீரலில் செய்த சேதம் அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே படியேறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கும் அம்மாவை 'வயசாகிவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள். 'எங்கள் வீட்டில் யாரும் பீடி, சிகரெட் தொட்டதில்லையே' என்பதும் பதில் ஆகாது. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருந்தது. டாக்டர்கள் சிஓபிடி என்று எழுதுவது இதைத்தான்.

இதை உறுதிசெய்ய எக்ஸ்ரே போதாது. ஸ்பைரோமெட்ரி என்று கேளுங்கள். ஒரு குழாயில் மூச்சை முழுவதும் வேகமாக ஊதவேண்டும், அவ்வளவுதான். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், மொத்தக் காற்றில் 70 சதவீதம்கூட முதல் ஒரு விநாடியில் வெளியே வரவில்லை என்றால் அடைப்பு இருக்கிறது. அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

இனி சிகிச்சை. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். நம் பக்கம் வீசிங் வந்தால் ஒரு ஊசி, ஒரு நெபுலைசர், நாலு மாத்திரை. பத்து நாளில் மறுபடியும் அதே. இன்ஹேலர் என்றால் மட்டும் பயம்: 'பழகிவிடும், அது கடைசி மருந்து'. உண்மை நேர்மாறானது. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து. அதே மருந்து இன்ஹேலரில் ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம். நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றி, கை நடுங்கவைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்துப் பிறகு நுரையீரலுக்கு வருகிறது. இன்ஹேலர் நேராக அங்கே போகிறது. எது சிறிய மருந்து என்று நீங்களே சொல்லுங்கள்.

பலரும் வருடக்கணக்கில் விழுங்கும் தியோஃபிலின் மாத்திரையையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பிரிட்டனில் 1,500 பேருக்கு மேல் சிஓபிடி நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2018இல் வந்தது. ஸ்டீராய்டு இன்ஹேலரோடு குறைந்த அளவு தியோஃபிலின் சேர்த்தும் நோய் முற்றித் திணறுவது குறையவில்லை. அதற்காக நாளைக்கே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையும் அப்படியே. சிஓபிடி திடீரென்று அதிகமாகும்போது ஐந்து நாள் கொடுப்பதே பதினான்கு நாளுக்கு ஈடாகிறது என்று 2013இல் ஸ்விட்சர்லாந்து ஆய்வு காட்டியது. பழைய சீட்டைக் கடையில் காட்டி மாதக்கணக்கில் வாங்கினால் சர்க்கரையும் எலும்புத் தேய்மானமும்தான் மிச்சம்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. திணறும்போது மட்டும் இழுக்கும் நிவாரண பம்ப்பை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019இலேயே மாற்றிவிட்டது. கூடவே ஸ்டீராய்டு இன்ஹேலரும் வேண்டும்.

டுபிலுமாப் என்ற புதிய ஊசி 2024இல் அமெரிக்காவில் சிஓபிடிக்கு அனுமதி பெற்றது. அது எல்லாருக்கும் அல்ல. ரத்தத்தில் ஈசினோபில் கூடுதலாக இருந்து, இன்ஹேலர்களை ஒழுங்காக எடுத்தும் அடங்காதவர்களுக்கு.

கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. சிஓபிடி நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்பது டாக்டர்கள் கணக்கு. 98 வரவேண்டும் என்று வீட்டில் நீங்களாகக் கூட்டிவைத்தால் ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்து மயக்கம் வரும். ஆபத்து.

கிரஷரிலோ குவாரியிலோ வேலை பார்த்தவர்கள் கதை வேறு. கல் தூசியால் வரும் சிலிகோசிஸ் நோயைப் பின்னுக்குத் திருப்ப மருந்து இல்லை. காசநோயும் அவர்களை எளிதில் பிடிக்கும். நம் வாட்ச்மேன் அண்ணன்களில், பெருக்க வரும் அக்காக்களில் அப்படி யாராவது இருந்து, இரண்டு வாரம் இருமினால், சளிப் பரிசோதனைக்கு நீங்களே அனுப்பிவையுங்கள். பெருக்கும் முன் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் சருகையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவதை இந்த மாதமே நிறுத்துங்கள். அந்தப் புகை நேராக முதல் மாடி ஜன்னலுக்குள் போகிறது.

வருடம் ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசி, டாக்டர் சொன்னால் நிமோனியா தடுப்பூசி, தினமும் முடிந்த அளவு நடை. மூச்சு வாங்குகிறது என்று நடப்பதை நிறுத்தினால் கால் தசை தளர்ந்து இன்னும் வாங்கும்.

கடைசியாக, இழுக்கும் முறை. அழுத்தும் பம்ப் என்றால் நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தியபடி மெதுவாக இழுக்கவேண்டும். வயதானவர்களுக்கு ஸ்பேசர் வாங்கிக்கொடுங்கள். கேப்சூல் போட்டு இழுக்கும் கருவி என்றால் வேகமாக, பலமாக இழுக்கவேண்டும். கேப்சூலை விழுங்கக் கூடாது. அப்படி விழுங்குபவர்களும் இருக்கிறார்கள். இரண்டிலும் பத்து விநாடி மூச்சை அடக்குங்கள். ஸ்டீராய்டு மருந்து என்றால் வாய் கொப்பளியுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது இன்ஹேலரையும் கையோடு எடுத்துப்போய், அவர் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள்.