கப்பற் போசனம்: அன்றும் இன்றும்

உல்லாசப் பயணக் கப்பல்களிலே விடுமுறையைக் கழித்து மீளும் குடும்பங்களிடம் விசாரித்தால், கடலைப்பற்றிய பேச்சு விரைவில் முடிந்துவிடும். சாப்பாட்டைப்பற்றிய பேச்சோ நெடுநேரம் நீளும். முப்பது ஆண்டுகளுக்கு முன் முதன்முறை கப்பலேறிய பெற்றோர், “அந்தக் காலத்துச் சாப்பாடு இப்போது இல்லை” என்பர். அவர்களுடைய பிள்ளைகளோ, ஒரே கப்பலில் இருபது இடங்களில் இருபது விதமாக உண்ண முடிகிறதே, இதைவிட வேறென்ன வேண்டும் என்பர். இரு சாராரும் ஒரே கப்பலிற் சென்று வந்தவர்களே. அவ்வாறாயின் இவர்களுள் யார் கூற்றுச் சரியானது?

இக்கேள்விக்கு விடை காணுமுன் ‘தரம்’ என்னும் சொல்லைச் சிறிது பிரித்துப் பார்த்தல் வேண்டும். உண்டவருக்கு நோய் வராதிருத்தல் ஒன்று. விரும்பியதைத் தெரிந்தெடுக்கப் பல வகைகள் இருத்தல் இரண்டு. பொருளும் சமையலும் நன்றாயிருத்தல் மூன்று. கட்டணஞ் செலுத்திய ஒவ்வொருவருக்கும் அந்த நல்லுணவு கிடைத்தல் நான்கு. இந்நான்கும் ஒருங்கே உயர்வதுமில்லை, ஒருங்கே தாழ்வதுமில்லை. கப்பற் போசனத்தின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றது.

பண்டைக் கப்பல்களிலே முதற் கவலை சுவைபற்றியதன்று, உயிர்பற்றியது. உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த பிஸ்கற்றுமே பல மாதங்களுக்கு உணவாயிருந்தமையால் மாலுமிகள் ஸ்கேவி என்னும் நோய்க்கு இரையாயினர். 1747ஆம் ஆண்டு ‘சோல்ஸ்பரி’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலிலே ஜேம்ஸ் லிண்ட் என்ற வைத்தியர், நோயுற்ற 12 மாலுமிகளை இவ்விருவராகப் பிரித்து, வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் பெற்ற இருவருமே விரைவிற் குணமடைந்தனர். ஆயினும் எலுமிச்சஞ் சாறு பிரித்தானியக் கடற்படையின் முறையான உணவுப் பங்கீட்டில் இடம்பெற 1795ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரயாணிகள் கப்பல்களின் நிலையும் ஆரம்பத்திலே பெரிதும் மேம்பட்டதன்று. 1840ஆம் ஆண்டு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கத் தொடங்கிய கியூனாட் கம்பனியின் ‘பிரித்தானியா’வில், புதிய பாலுக்காக ஒரு பசுவை உயிருடன் கொண்டு சென்றனர். 1842 ஜனவரியில் அதே கப்பலில் அமெரிக்கா சென்ற சாள்ஸ் டிக்கின்ஸ் அங்கிருந்த நெருக்கடியையும் உணவையும் தம் பிரயாண நூலிலே நகைச்சுவையோடு எழுதிவைத்தார். குளிர்சாதனம் இல்லாத அக்காலத்தில் ஆடு, பன்றி, கோழி யாவும் கப்பற்றளத்திலே கூடுகளில் அடைபட்டுச் சென்றன. பயணத் தொடக்கத்திற் பண்ணைபோற் காட்சியளித்த தளம், முடிவில் வெறுந்தளமாகும். இதுவும் பணமுடையோர்க்கே. கீழ்த்தட்டில் நெருங்கிக் கிடந்த குடிபெயர்வோர் பலர் தம் உணவுப் பொருளைத் தாமே கொணர்ந்து, தளத்திலிருந்த அடுப்பிலே முறைவைத்துச் சமைத்துண்டனர்.

நிலைமையை மாற்றியது சமையற்காரனின் கைத்திறனன்று, குளிரூட்டும் இயந்திரமே. 1882ஆம் ஆண்டு ‘டனீடின்’ என்னும் பாய்க்கப்பல் நியூசீலாந்திலிருந்து உறைந்த ஆட்டிறைச்சியை இலண்டனுக்குக் கெடாது கொண்டு சேர்த்தது. அதன்பின் குளிரறைகள் பிரயாணிகள் கப்பல்களிலும் பரவின. கூடுகள் தளத்தைவிட்டு அகன்றன. இறைச்சியும் பாலும் காய்கறியும் கடல்நடுவிலும் புதுமை குன்றாது கிடைத்தன.

இதே காலத்திலேதான் ஊர்விட்டு ஊர் செல்லவன்றி, இன்பத்துக்காகவே கடற்பயணஞ் செய்யும் வழக்கமும் தோன்றியது. அதன் தொடக்கத்தில் இலங்கையின் பெயரைத் தாங்கிய கப்பல் ஒன்று நிற்கின்றது. பி. அன்ட் ஓ. கம்பனிக்காக 1858இற் கட்டப்பட்ட ‘சிலோன்’ என்னும் நீராவிக் கப்பல் 1881இல் விற்கப்பட்டு, உல்லாசப் பயணத்துக்கெனவே மாற்றியமைக்கப்பட்டது. பத்தாண்டுகளின் பின், 1891 ஜனவரியில், அல்பேட் பாலின் என்பவரின் திட்டப்படி ‘ஒகஸ்ரா விக்ரோறியா’ என்ற ஜெர்மானியக் கப்பல் மத்தியதரைக் கடலிலே உல்லாசப் பயணம் மேற்கொண்டது. கொழும்புத் துறைமுகத்தைத் தொட்டுச் சென்ற பி. அன்ட் ஓ. கப்பல்களிலோ கோவாவைச் சேர்ந்தோர் பலர் பரிமாறுவோராகப் பணிபுரிந்தனர். அக்கப்பல்களின் உணவுப் பட்டியலிலே கறியும் சோறும் நிலையான இடம் பெற்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் கப்பற் போசனத்தின் பொற்காலமெனப் போற்றப்படுகின்றது. 1905இற் கடலேறிய ‘அமெரிக்கா’ என்ற ஜெர்மானியக் கப்பலிலே, பெயர்பெற்ற ரிட்ஸ் விருந்துவிடுதிகளின் முறையைத் தழுவிய தனி உணவுச்சாலை அமைந்தது. 1912 ஏப்பிரல் 14ஆந் திகதி இரவு ‘டைட்டானிக்’ கப்பலின் முதலாம் வகுப்பினர், சிப்பியிலும் சூப்பிலுந் தொடங்கி, மீன், ஆட்டிறைச்சி, வாத்து எனப் பத்துக்கு மேற்பட்ட வரிசைகளாக உணவருந்தினர். அன்றே அதே கப்பலின் மூன்றாம் வகுப்பினர்க்கு மதியத்தில் அரிசிச் சூப்பு, வாட்டிய மாட்டிறைச்சி, அவித்த உருளைக்கிழங்கு, புடிங்கு ஆகியனவும், இராப்போசனத்துக்குக் கஞ்சி, பிஸ்கற்று, பாற்கட்டி ஆகியனவும் குறிக்கப்பட்டிருந்தன. அவர்களுட் பலர் தம் ஊரில் உண்டதைவிட அது மேலானதாகவே இருந்திருக்கும். ஆயினும் பொற்காலம் எனப் பேசுவோர் பெரும்பாலும் நினைப்பது முதலாம் வகுப்பின் மேசையையே. மேற்றட்டின் விருந்தைக் காலம் முழுவதற்கும் அளவுகோலாகக் கொள்ளுதல் நேர்மையன்று.

1958இல் அத்திலாந்திக்கைக் கடக்கும் ஜெற் விமானச் சேவை ஆரம்பமானது. பல நாட் பயணம் சில மணி நேரப் பயணமானதும், பெருங்கப்பல்கள் ஒவ்வொன்றாகத் தொழிலிழந்தன. பிரெஞ்சுச் சமையலுக்குப் புகழ்பெற்ற ‘பிரான்ஸ்’ என்னும் கப்பல் 1962இற் சேவைக்கு வந்து 1974இல் நிறுத்தப்பட்டது. 1980இல் ‘நோர்வே’ என்ற புதுப்பெயருடன் கரிபியன் கடலில் உல்லாசக் கப்பலாக மறுபிறவி எடுத்தது. புதிய தொழிலுக்கு வழிகாட்டியவை 1966இல் மயாமியிலிருந்து புறப்பட்ட ‘சன்வாட்’, 1970இல் வந்த ‘சோங் ஒவ் நோர்வே’, 1972இல் வந்த ‘மாடி கிரா’ முதலிய கப்பல்கள்.

இக்கப்பல்களின் சிறப்பு இவை ஒரே வகுப்புக் கப்பல்களாக இருந்தமையே. அறைகள் விலைக்கேற்ப வேறுபட்டன, போசனசாலை வேறுபடவில்லை. மாலையில் இரண்டு பந்திகள்; குடும்பத்துக்கென ஒரு மேசை; பயணம் முடியும்வரை அதே பரிமாறுவோர். ஓர் இரவு கப்டனின் விருந்து, ஓர் இரவு சிங்கிறால், நள்ளிரவிலே அலங்காரப் பந்தி. உள்ளறையிற் குறைந்த கட்டணத்துக்கு வந்த குடும்பத்துக்கும் மேலறையிலே உயர்ந்த கட்டணத்துக்கு வந்த குடும்பத்துக்கும் பெரும்பாலும் ஒரே பட்டியல் நீட்டப்பட்டது. இன்றைய பெற்றோர் ஏங்கிப் பேசும் ‘அந்தக் காலம்’ இதுவே.

மாற்றம் மெல்லவே வந்தது. 1998இல் முதற்பயணம் புறப்பட்ட ‘டிஸ்னி மஜிக்’, மூன்று போசனசாலைகளை அமைத்துக் குடும்பங்கள் இரவுக்கொன்றாக மாறிச் செல்லவும், பரிமாறுவோரும் அவர்களுடனேயே மாறிச் செல்லவும் வழி செய்தது. பலவகையும் வேண்டும், பழகிய முகமும் வேண்டும் என்ற இரு விருப்பங்களையும் அது இணைத்தது. அதே கப்பலிற் பெரியவர்களுக்கு மட்டுமென மேலதிகக் கட்டணத்துடன் ஓர் உணவுச்சாலையும் இருந்தது. 2000ஆம் ஆண்டளவில் நோர்வீஜியன் கம்பனி, குறித்த நேரமும் குறித்த மேசையுமின்றி விரும்பியபோது விரும்பிய இடத்தில் உண்ணும் முறையைப் புகுத்தியது. பிற கம்பனிகளும் அவ்வழியிலே சென்றன. அதனுடன் கட்டண உணவுச்சாலைகளும் பெருகின.

பின்னர், முன்பு கட்டணத்துள் அடங்கியிருந்தவை சிறிது சிறிதாக வெளியேறலாயின. அறைக்கு உணவு கொணர்ந்து தரும் சேவைக்கு 2015இல் நோர்வீஜியன் கம்பனியும் 2017இல் ரோயல் கரிபியன் கம்பனியும் 7.95 டொலர் அறவிடத் தொடங்கின. 2022இன் இறுதியிலே கார்னிவல் கப்பல்களின் பிரதான போசனசாலையில் மூன்றாவது பிரதான உணவு கேட்போரிடம் 5 டொலர் அறவிடும் முறை வந்தது. நள்ளிரவுப் பந்தி பெரும்பாலான கப்பல்களில் மறைந்துவிட்டது. பயணச் சீட்டைக் குறைந்த விலையிற் காட்டி ஆட்களை ஈர்த்து, கப்பலேறிய பின் செய்யும் செலவிலே இலாபம் காணுதல் இத்தொழிலின் வழியாகிவிட்டது. இக்கணக்கில், இலவச மேசையின் உணவு குறைகூற முடியாத அளவுக்கு நன்றாயிருந்தாற் போதும். கட்டண மேசையை மறக்கச் செய்யும் அளவுக்கு நன்றாயிருத்தல் கம்பனிக்கு இலாபமன்று.

இதனோடு கப்பலின் பருமனையும் கருதல் வேண்டும். ‘மாடி கிரா’ ஏறத்தாழ 27,000 தொன் கொள்ளளவினது. 2024இல் வந்த ‘ஐக்கன் ஒவ் த சீஸ்’ 248,663 தொன் கொள்ளளவினது. 7,600 பிரயாணிகள்வரை ஏறலாம். உண்ணவும் பருகவும் இருபதுக்கு மேற்பட்ட இடங்கள் உண்டு. ஆயிரக்கணக்கானோர்க்கு ஒரே மாலையிற் பரிமாறும் சமையலறை, உணவைத் தொகுதி தொகுதியாகச் சமைத்துச் சூட்டலுமாரிகளிலே வைத்திருந்தே அனுப்ப முடியும். சூப்பும் குழம்பும் நீண்டநேரம் வேகவைத்த இறைச்சியும் இதனாற் கெடுவதில்லை. சில கறிவகைகள் ஊறி மேலும் சுவைபெறும். அன்றன்று சுடும் பாணும் குறைவதில்லை. அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு வரவேண்டிய மீனும் வாட்டிய இறைச்சித் துண்டமும் பொரியலுமே வாடிப்போகின்றன. இவ்வுண்மையை அறிந்து தெரிந்தெடுக்கும் குடும்பம் இன்றும் பெரிய போசனசாலையில் நல்லுணவு பெறலாம். கப்பற் சமையலறைகளிலே இந்தியரும் பிலிப்பினோக்களும் இந்தோனீசியரும் பெருந்தொகையாகப் பணிபுரிகின்றனர். அவர்கள் தம் நாட்டு முறையிற் சமைக்கும் உணவைப் பிரயாணிகள் பலர் விரும்பிக் கேட்டு உண்கின்றனர்.

மறுபுறம், மறுக்கவியலாத முன்னேற்றங்களும் உள. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு நிலையம் 1970களிலே கப்பற் சுகாதாரத் திட்டமொன்றை ஆரம்பித்தது. அந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வரும் உல்லாசக் கப்பல்களில் அதிகாரிகள் முன்னறிவித்தலின்றி ஏறி, குடிநீர் முதற் சமையலறைக் கத்திவரை சோதித்து, 100க்கு எத்தனை புள்ளி என விதிப்பர். 85உம் அதற்குக் குறைந்ததும் தோல்வியாகும். புள்ளிகள் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படுகின்றன. வாந்தியும் வயிற்றோட்டமும் தரும் நோரோ வைரசு இன்னும் கப்பல்களை விட்டகலவில்லை. எனினும் உணவைப் பேணும் முறை பழங்காலத்தோடு ஒப்பிட முடியாதவாறு உயர்ந்துள்ளது. நிலக்கடலையோ பாலோ ஒவ்வாத குழந்தைக்குத் தனிச் சமையல் கிடைக்கின்றது. மரக்கறி உண்போர் முன்பு அவித்த கறிவகைகளோடு அமைதியடைய வேண்டியிருந்தது. இன்று அவர்களுக்கென்றே உணவு வகைகள் உள.

குடும்பங்களைப் பொறுத்தவரை இன்னுமொன்று உண்டு. குறித்த மேசையிலே பெற்றோரும் பிள்ளைகளும் முதியோரும் நாள்தோறும் ஒருங்கிருந்து உண்டபோது, புதிய உணவைச் சுவைத்துப் பார்க்கவும், மற்றவர் உண்டு முடியும்வரை பொறுத்திருக்கவும், பரிமாறுவோரைப் பெயர் சொல்லி மரியாதையாய் அழைக்கவும் குழந்தை பழகியது. இன்று ஒரு பிள்ளை பீற்சாக் கடையிலும் மற்றொன்று ஐஸ்கிறீம் இயந்திரத்தின் முன்னும் நிற்க, பெற்றோர் கட்டண உணவுச்சாலையில் அமர்ந்திருத்தல் எளிதாகிவிட்டது. சுதந்திரம் பெருகியது, ஒருங்கிருந்து உண்ணும் பழக்கம் குறைந்தது. இது கம்பனியின் குற்றம் மட்டுமன்று. வழி திறந்திருப்பினும் எவ்வழி செல்வதென்பதைக் குடும்பமே தீர்மானிக்கின்றது.

ஆகவே, கப்பற் போசனத்தின் தரம் மாறியதா என்றால், மாறியதென்பதே விடை. ஆனால் அது ஒரே திசையில் மாறவில்லை. சுகாதாரம் உயர்ந்தது, வகைகள் பெருகின, உண்போரின் உடல்நிலையையும் வழக்கத்தையும் மதிக்கும் பண்பு வளர்ந்தது. மிகச் சிறந்த சமையலும் மறைந்துவிடவில்லை. பொது மேசையிலிருந்து தனி மேசைக்கு இடம் பெயர்ந்துள்ளது. உயர்ந்த அறைகளில் தங்குவோர்க்கு மட்டுமே கதவு திறக்கும் உணவுச்சாலைகளும் இன்று பல கப்பல்களில் உள. ஒரே வகுப்புக் கப்பல்கள் அகற்றிய வகுப்புச் சுவர், வேறு பெயருடன் மீண்டும் எழுகின்றது.

பெற்றோர் பிள்ளைகள் ஆகிய இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. பிள்ளைகள் காண்பது கப்பலில் எவ்வளவு இருக்கின்றது என்பதை. பெற்றோர் நினைப்பது அதில் எவ்வளவு எல்லோருக்கும் உரியதாயிருந்தது என்பதை. ஒரு கப்பலின் உணவை மதிப்பிட விரும்புவோர் அதன் விலையுயர்ந்த மேசையைப் பார்த்து வியத்தல் போதாது. மிகக் குறைந்த கட்டணத்துக்கு, ஆண்டுக்கணக்கிற் சேமித்து வந்த குடும்பத்தின் குழந்தைக்குப் பொதுப் போசனசாலையில் வைக்கப்படும் தட்டைப் பார்த்தல் வேண்டும். அத்தட்டில் உள்ளதே அக்கப்பலின் தரம்.