தொட்டாற்சிணுங்கியோடு கப்பலேறிய தம்பதிகள்

(நமது கொல்கத்தா உறுப்பினர்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



செயலாளர் என்னைப் பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார். விஷயம் உங்களுக்குத் தெரியும். லேக் மார்க்கெட் பக்கத்தில் நாற்பது வருஷமாகக் குடியிருக்கும் நம் உறுப்பினர் மாமாவும் மாமியும் அடுத்த மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு வருஷத்துக்கு வெளிதேசம் கிளம்புகிறார்கள். பிள்ளை ஒரு கண்டத்தில், பெண் இன்னொரு கண்டத்தில். நடுவில் தாங்களாகவே நாலைந்து ஊர்களைப் பார்ப்பதாகவும் உத்தேசம். பேரைச் சொல்லக் கூடாது என்று மாமி எனக்குக் கண்டிப்பான உத்தரவு போட்டிருக்கிறார். முன் வரிசையில் யார் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார் என்று பார்த்தால் நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

போன வாரம் மாமி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார். "மாமா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமே, நான் இங்கேயே இருந்துவிடுகிறேனே. பூஜையையும் வீட்டையும் விட்டுவிட்டு ஒரு வருஷம் எப்படி?" என்றார். நான் அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். மாமி கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள். எனக்குக் கதையாகத்தான் சொல்ல வரும்.

1914ஆம் வருஷம் ஏப்ரல் மாதம். இதே கல்கத்தாவில் அப்பர் சர்க்குலர் ரோடு 93ஆம் நம்பர் வீடு. அந்த வீட்டிலிருந்து ஒரு தம்பதிகள் ஒரு வருஷப் பயணத்துக்குப் புறப்பட்டார்கள். அவருக்கு வயது 55. அந்த அம்மாள் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர் ஜகதீஷ் சந்திர போஸ், பிரெஸிடென்ஸி காலேஜ் பௌதிகப் பேராசிரியர். அவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது அபலா போஸைப் பற்றி.

பெயர்தான் அபலை. கல்கத்தா மெடிக்கல் காலேஜில் அந்த நாளில் பெண்களைச் சேர்ப்பதில்லை. ஆனால் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் 1875லேயே கதவைத் திறந்துவிட்டது. ஆகவே 1882ல் அந்தப் பெண், பதினேழு வயதில், வங்காளத்திலிருந்து மெட்ராஸுக்கு வைத்தியம் படிக்கப் போனாள். நம்மவர்கள் மெட்ராஸிலிருந்து கல்கத்தாவுக்கு உத்தியோகம் தேடி வந்த கதையைத்தான் இந்தச் சங்கத்தில் எப்போதும் பேசுகிறோம். இவர் எதிர்த் திசையில் போனவர். தேக அசௌக்கியத்தால் படிப்பு நடுவில் நின்றது. 1887ல் கல்யாணம்.

அந்தச் சமயத்தில் போஸ் சம்பளமே வாங்கவில்லை. வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கொடுப்பதைவிடக் குறைத்துக் கொடுத்தார்கள் என்று மூன்று வருஷம் அதைத் தொடாமல் வேலை பார்த்தார். சந்தன்நகரில் ஆற்றங்கரையில் வாடகை குறைந்த ஒரு வீடு. அங்கிருந்து ஹூக்ளியைக் கடந்து வந்துதான் கல்கத்தாவுக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். காலையில் படகை வலித்துக்கொண்டு போய் அக்கரையில் அவரை விட்டுவிட்டு, சாயங்காலம் மறுபடி போய் அழைத்து வருவது அபலாவின் வேலை என்று போஸின் வரலாற்றை எழுதிய பாட்ரிக் கெடெஸ் சொல்லியிருக்கிறார். பிற்பாடு கடல் தாண்டுவதற்கு அங்கேயே ஒத்திகை ஆகிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

1896ல் முதல் பயணம். 1900ல் இரண்டாவது. அந்த வருஷம் பாரிஸில் பௌதிக மகாசபை முடிந்து லண்டன் போன இடத்தில் போஸ் படுத்த படுக்கையாகி, சத்திர சிகிச்சை வரைக்கும் போய்விட்டது. சகோதரி நிவேதிதையும் சில சிநேகிதர்களும் தாங்கினார்கள். ஆனால் ராப்பகலாகப் பக்கத்தில் இருந்தது மெட்ராஸில் வைத்தியம் படித்த சம்சாரம்.

இப்போது 1914க்கு வருகிறேன். அந்தப் பயணத்தின் சாமான் பட்டியல் விசேஷமானது. கல்கத்தாத் தொழிலாளிகளைக் கொண்டே செய்த நுட்பமான கருவிகள் ஒரு பக்கம். செடிகளின் துடிப்பைத் தாமே கோடு கோடாக எழுதிக்காட்டும் கருவிகள் அவை. இன்னொரு பக்கம் உயிருள்ள செடிகள். நாம் தொட்டாற்சிணுங்கி என்கிறோமே, வங்காளிகள் லஜ்ஜாபதி என்பார்கள், அது ஒன்று. மற்றது தொழுகண்ணி. சின்ன இலைகள் தாமாகவே ஏறி இறங்கும் செடி அது. வைத்தியப் புஸ்தகங்களில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். உஷ்ண தேசத்துச் செடிகளைக் கப்பலில் ஏற்றி, குளிர் தேசத்தில் வாடாமல் வைத்திருக்க வேண்டும். லண்டனில் அவற்றுக்காகக் கதகதப்பான கண்ணாடி வீடு தேட வேண்டியிருந்தது. நம் வீட்டில் ஒரு வடாம் டின்னைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதற்குள் எத்தனை பாடு!

மே மாதம் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சொற்பொழிவு. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், வியன்னா, பாரிஸ். லண்டன் மைடா வேலில் வாடகை வீட்டிலேயே ஒரு பரிசோதனைக்கூடம். அங்கே பெர்னார்ட் ஷா வந்தார். அவர் மாமிசம் தொடாதவர். கொதிநீரில் முட்டைகோஸ் இலை துடித்துத் துடித்துச் சாவதைக் கருவி எழுதிக்காட்டியதைப் பார்த்து மனம் கலங்கிவிட்டார் என்பார்கள். சைவச் சாப்பாட்டுக்காரர்களான நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான், ஆனால் இன்றைக்கு வேண்டாம். உள்ளே டிபன் தயாராக இருக்கிறது.

ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. செப்டம்பர் 22ஆம் தேதி ராத்திரி எம்டன் கப்பல் மெட்ராஸ் மேலேயே குண்டு போட்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கடலில் போகிறவர்களுக்கு அந்த வருஷம் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். போஸ் தம்பதிகள் திரும்பி ஓடி வரவில்லை. அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா போனார்கள். அங்கே பல ஊர்களில் சொற்பொழிவு. பிறகு பஸிபிக்கைத் தாண்டி ஜப்பான். 1915 ஜூனில் கல்கத்தா. மேற்கே கிளம்பியவர்கள் கிழக்கே வந்து இறங்கினார்கள், பூமியை ஒரு பிரதக்ஷிணமாக.

இப்போது அதே 1914ல் கிளம்பிய இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். போஸுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னால், மார்ச் 17ஆம் தேதி, மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து 'நெவாஸா' என்ற கப்பலில் ஒருவர் புறப்பட்டார். வயது 26. நம்மவர். ஸ்ரீனிவாச ராமானுஜன்.

அவருடைய தாயாரும் மனைவி ஜானகியும் துறைமுகத்துக்கு வரவில்லை. அவர்களை முன்னாலேயே கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டார். குடுமியை எடுத்து, துரை வேஷம் போட்ட கோலத்தை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று. கடல் தாண்டுவதற்கே நாமகிரித் தாயார் கனவில் உத்தரவு கொடுக்க வேண்டியிருந்த குடும்பம் அது. ஜானகிக்கு அப்போது பதினைந்து வயது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தானே சமைத்துச் சாப்பிட்டார், சில நாள் சாப்பிடாமலே கணக்குப் போட்டார். யுத்த காலத்தில் காய்கறிக்கும் கஷ்டம். 1917ல் நோய். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மாறினார். ஜானகி எழுதிய கடிதங்கள் மாமியாரைத் தாண்டி அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1919 மார்ச்சில் பம்பாயில் இறங்கியவுடன் அவர் கேட்டது ஜானகி எங்கே என்றுதான். அவள் வந்திருக்கவில்லை. 1920 ஏப்ரல் 26ஆம் தேதி, 32 வயதில் போய்விட்டார். தன்னைக் கூட அழைத்துப் போகாததை எண்ணி அவர் வருத்தப்பட்டார் என்று ஜானகி அம்மாள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் தையல் கற்றுக்கொண்டு திருவல்லிக்கேணியில் சுயமாக ஜீவனம் நடத்தி, 1994 வரைக்கும் இருந்தார்.

இந்த ஒப்பீடு நியாயமில்லை என்று சிலர் முணுமுணுக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். போஸ் தம்பதிகள் பிரம்ம சமாஜத்தவர்கள், அவர்களுக்குப் பிராயச்சித்தம் என்ற பேச்சே கிடையாது. சர்க்கார் அனுப்பிப் போனவர்கள். வயசும் அனுபவமும் இருந்தது. ராமானுஜனுக்குச் சர்வகலாசாலை கொடுத்தது வருஷம் 250 பவுன், அதிலும் ஒரு பகுதி தாயாருக்குப் போயிற்று. அந்த நாளில் கும்பகோணத்தில் பதினைந்து வயசுப் பெண்ணைக் கப்பலேற்ற யார் சம்மதித்திருப்பார்கள்? ஜானகி போயிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ரசம் சாதம் எந்த வியாதிக்கும் மருந்தில்லை. ஆனால் ராத்திரி வேளையில் சாப்பிட்டீர்களா என்று கேட்க ஒரு ஆள் இருந்திருக்கும்.

நம்மவர்கள் எல்லோரும் அப்படி விட்டுவிட்டுப் போனவர்கள் இல்லை. 1907ல் நம் சி.வி. ராமன் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாக இந்த ஊருக்கு வந்தபோது, கல்யாணமான புதிதிலேயே லோகசுந்தரி அம்மாளைக் கையோடு அழைத்து வந்தார். ஸ்காட்ஸ் லேனில் குடித்தனம். 1930ல் நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் போனபோதும் இரண்டு பேராகத்தான் போனார்கள்.

கூடப் போனதால் அபலாவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், அங்கேதான் எனக்கு விஷயமே இருக்கிறது. அவர் புருஷனுக்குப் பெட்டி கட்டிக்கொடுக்க மட்டும் போகவில்லை. போன ஊர்களைப் பற்றி 'முகுல்' என்ற வங்காளிக் குழந்தைகள் பத்திரிகையில் எழுதினார். போன இடத்திலெல்லாம் பெண்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். ஜப்பானில் பெண்களுக்கென்றே நடந்த உயர் கல்வி அவர் மனசில் பதிந்துவிட்டது. 1919ல் நாரீ சிக்ஷா சமிதியை ஆரம்பித்து, கிராமம் கிராமமாகப் பெண்கள் பள்ளிக்கூடம் வைத்தார். 1925ல் விதவைகளுக்காக வித்யாசாகர் பாணி பவன். சென்னையில் நம் சகோதரி சுப்புலட்சுமி பால விதவைகளை வைத்துப் படிக்கவைத்த அதே காலம். போஸ் 1917ல் ஸ்தாபித்த ஆராய்ச்சி நிலையம் எல்லோருக்கும் தெரிகிறது. அதே பயணத்திலிருந்து வந்த இன்னொரு பலன் இது.

இனி என் விஷயம் ஒன்று, சுருக்கமாக. 1998ல் பெண்ணின் பிரசவத்துக்கு நான் மட்டும் அமெரிக்கா போனேன். இரண்டு டிக்கெட் எதற்கு, இன்ஷூரன்ஸ் வேறு என்று நானேதான் கணக்குப் பார்த்தேன். ஆறு மாதத்தில் நான் பார்த்த அமெரிக்கா ஒரு சமையலறை, ஒரு வாஷிங் மிஷின், ஜன்னலுக்கு வெளியே ஒரு மேப்பிள் மரம். என் பெண்ணைக் குறை சொல்லவில்லை, குழந்தை பார்க்கத்தானே போனேன். இங்கே எங்காத்து மாமா மத்தியானம் மெஸ் சாப்பாடு, ராத்திரி பிரெட். இரண்டு தடவை காய்ச்சல் வந்ததை நான் திரும்பி வந்த பிறகுதான் சொன்னார். அடுத்த தடவை சேர்ந்து போகலாம், நயாகரா பார்க்கலாம் என்று பேசிக்கொண்டோம். அட்லஸில் பென்சிலால் கோடுகூடப் போட்டு வைத்தார். 2003ல் அவர் காலமாகிவிட்டார். அந்த அட்லஸ் என்னிடம் இருக்கிறது.

நம் வீடுகளில் இப்போதும் இதுதானே நடக்கிறது? ஆறு மாதம் பெண்ணைப் பெற்றவள், ஆறு மாதம் பிள்ளையைப் பெற்றவள் என்று முறைவைத்துப் போகிறோம். புருஷன் இங்கே, சம்சாரம் அங்கே. இரண்டு பேரும் சேர்ந்து போகிற இந்த மாமாவையும் மாமியையும் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

ஆகையால் மாமி, டிக்கெட்டை மாற்றாதீர்கள். பிள்ளைகளிடம், நாங்கள் குழந்தைகளையும் பார்ப்போம், ஊரையும் பார்ப்போம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாமாவின் மருந்துச் சீட்டு ஒன்று உங்கள் பையிலும், உங்களுடையது மாமா பையிலும் இருக்கட்டும். கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் ராஜாபஜார் பக்கம் போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம். இப்போது அந்த ரோட்டுக்கு ஆசார்ய பிரபுல்ல சந்திரர் பேர். டாக்ஸிக்கு நான் சொல்கிறேன்.

வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். சாயங்காலம் ஸ்வாமிக்கு விளக்கேற்றுகிறேன், துளசிக்கு ஒரு சொம்பு தண்ணீரும் விடுகிறேன். மார்கழியில் கோலம் மட்டும் உங்கள் அளவுக்கு எனக்கு வராது.