ஆரம்ப மீதி இல்லாத கணக்கு



சில மாதங்களுக்கு முன் என் மச்சாள் ஒரு கட்டுக் காகிதத்தை என் மேசையில் வைத்தார். "அத்தான், நீங்கள் கணக்குப் பார்க்கிறனீங்கள். இதில எங்க பிழையெண்டு சொல்லுங்கோ" என்றார். கத்தோலிக்கராகப் பிறந்து பௌத்தரான தன் கதையை எழுதியிருந்தார்.

எங்கள் சனத்தில் இது இலேசான விடயமல்ல. புத்தர் சிலை என்றதும் எங்களில் பலருக்கு இராணுவ முகாமின் வாசல்தான் ஞாபகம் வரும். ஆனால் மச்சாள் போனது, வியட்நாம் அகதிகள் இந்த நாட்டில் கட்டிய விகாரைக்கு. தூக்கமில்லாமல் தியானம் பழகப் போனவர், பிறகு பஞ்சசீலமும் எடுத்துக்கொண்டார்.

காகிதங்களைப் புரட்டியபோது எனக்கு ஒல்கொட் நினைவுக்கு வந்தார். யாழ்தேவியில் கொழும்பு கோட்டைக்கு வந்து இறங்கியவர்களுக்கு, புகையிரத நிலையத்தின் முன் நிற்கும் அந்தத் தாடிக்காரரின் சிலை தெரிந்திருக்கும். ஹென்றி ஸ்டீல் ஒல்கொட் 1832 இல் அமெரிக்காவில் ஒரு பிரெஸ்பிற்றேரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் இராணுவத்துக்குப் பொருள் வழங்கியோரின் மோசடிகளை விசாரித்தவர். ஆகவே ஒருவகையில் எங்கள் தொழில்காரர்! 1880 மே 25 அன்று காலியில் ஒரு விகாரையில் பஞ்சசீலம் எடுத்தார். சிங்கள பௌத்த மறுமலர்ச்சியில் அவர் வகித்த பங்கைப் பற்றி எங்களுக்கு எங்கள் அபிப்பிராயம் உண்டு. இன்று அவருடைய புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

'ஓல்ட் டயரி லீவ்ஸ்' என்ற அந்த நினைவுக்குறிப்பை அவர் 1892 இல் பத்திரிகைத் தொடராக எழுதத் தொடங்கினார். பின்னர் அது ஆறு பாகங்களாக நூலுருப் பெற்றது. 1878 முதலான காலத்துக்கு நாட்குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார். பற்றுச்சீட்டைப் பார்த்துப் பேரேடு எழுதுவது போல. இன்னொரு நேர்மையும் உண்டு. காலியில் ஒரே நாளில் மதம் மாறிவிட்டதாக அவர் சொல்லவில்லை. அமெரிக்காவிலேயே தம்மைப் பௌத்தர் என்று சொல்லிக்கொண்டதாகவும், காலியில் நடந்தது அதன் முறையான உறுதிப்பாடுதான் என்றும் எழுதினார். பற்றுச்சீட்டின் திகதி வேறு, கடன்பட்ட திகதி வேறு.

ஆனால் ஒரு குறை. கதை 1874 இல், அவருடைய 42 ஆவது வயதில் தொடங்குகிறது. அவர் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவ வீட்டுக்கு அங்கே ஒரு அத்தியாயம் இல்லை. எங்கள் தொழிலில் இதை ஆரம்ப மீதி இல்லாத கணக்கு என்போம். கூட்டல் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதை நம்ப முடியாது.

மச்சாளின் கதையும் விகாரை வாசலில்தான் தொடங்கியது. நான் கேட்டேன்: "இதில மாமி எங்க?"

பங்கருக்குள் செபமாலையை உருட்டி உருட்டி எங்கள் எல்லோரையும் அமைதிப்படுத்திய மாமி. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க மச்சாள் முதன்முதல் பழகியது அந்தச் செபமாலையின் சத்தத்தோடுதான். மாமியின் இறுதிப் பூசையில் மகள் நற்கருணை வாங்கவில்லை. அன்று தேவாலய வாசலில் வைத்து, எல்லோரும் கேட்க, "தாய்க்கே துரோகம்" என்று சொன்னவன் நான். பிறகு இரண்டு வருடம் பேசவில்லை. அதுவும் அந்தக் காகிதத்தில் இல்லை.

மச்சாள் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அதை எழுதினா உங்களுக்கு நோகும், அத்தான்" என்றார்.

"எழுதும்" என்றேன்.

நேயர்களே, உங்களில் யாராவது உங்கள் கதையை எழுத நினைத்தால், சமயம் மாறியதோ நாடு மாறியதோ, விட்டு வந்த வீட்டிலிருந்து தொடங்குங்கள். அந்த வீடு தந்ததை வரவில் எழுதுங்கள். போன இடத்தைப் புகழ்வதற்காகப் பிறந்த இடத்தைக் குறைக்க வேண்டாம். பழைய கடிதங்களையும் பயணப் பத்திரங்களையும் எடுத்துத் திகதிகளைச் சரிபாருங்கள்.

போன கிழமை புதிய முதல் அத்தியாயம் வந்தது. அதில் மாமி இருக்கிறார், செபமாலை இருக்கிறது, தேவாலய வாசலில் நானும் நிற்கிறேன். அதில் நான் நல்லவனாக இல்லை. ஒரு சொல்லைக்கூட வெட்டச் சொல்லவில்லை. கணக்குச் சரியாக இருந்தது.