கூண்டேறிச் சொன்ன பொய்



"சாட்சி பல்டி அடித்துவிட்டான், அவனை ஏன் உள்ளே தள்ளவில்லை?" டீக்கடையிலும் கேட்கிறார்கள், டிவியிலும் கேட்கிறார்கள். ஜெசிகா லால் கொலை வழக்கில் 2006 பிப்ரவரியில் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரும் விடுதலையானபோது நாடே கேட்டது. சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்திருந்தார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் பலருக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2013-இல் பொய்ச்சாட்சி வழக்குத் தொடரச் சொன்னதோ இரண்டே பேர் மீது!

கோபம் நியாயம்தான். ஆனால் போலீசிடம் ஒன்று, கூண்டில் வேறொன்று என்றால் அது முரண்பாடு; அதுமட்டுமே பொய்ச்சாட்சி ஆகிவிடாது ஐயா. போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து கிடையாது, பிரமாணமும் கிடையாது. "நான் சொல்லவே இல்லை, ஏட்டையாவே எழுதிக்கொண்டார்" என்றால் முடிந்தது கதை. பிரமாணம் எடுத்துச் சொன்னது பொய், பொய்யென்று தெரிந்தே சொன்னார் என்று இரண்டையும் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். ஞாபகப் பிசகுக்குச் சிறை கிடையாது. "அன்று நான் ஊரிலேயே இல்லை" என்றவர் சம்பவ இடத்து கேமராவில் நடந்துபோகிறாரா, அவர் செல்போன் அங்கே பேசியிருக்கிறதா, விடுதிப் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருக்கிறதா? இப்படி வெளியிலிருந்து சான்று வர வேண்டும்.

ஒரு குறுக்குவழி உண்டு. சட்டப் புத்தகமே உதாரணம் சொல்கிறது. மாஜிஸ்திரேட் முன் பிரமாணம் எடுத்து, "அவன் தடியால் அடித்ததைப் பார்த்தேன்" என்கிறார் ஒருவர். அமர்வு நீதிமன்றத்தில், அதுவும் பிரமாணத்தின் பேரில், "அவன் அடிக்கவே இல்லை" என்கிறார். இரண்டில் எது பொய் என்று நிரூபிக்க முடியாமல் போனாலும், வேண்டுமென்றே பொய்ச்சாட்சி சொன்னதாகத் தண்டிக்கலாம்! ஏழாண்டு வரை சிறை.

இதில் எனக்கு ஓர் அச்சமும் உண்டு. மிரட்டலுக்குப் பயந்து முதலில் பொய் சொன்னவர், கூண்டில் உண்மை பேசினாலும் இதே வலையில் விழலாம். அதனால்தான் புகார் கொடுக்கும் பொறுப்பு நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. நீதியின் நலனுக்கு அது தேவைதானா என்று நீதிபதி முதலில் பார்க்க வேண்டும்.

அந்தக் குறுக்குவழிக்கு இப்போது சட்டமே வாசல் திறந்திருக்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய வழக்குகளில், போலீஸ் அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் பதிந்தே ஆக வேண்டும். பழைய சட்டத்தில் பிரிவு 164, இன்று பிரிவு 183. ஆகவே, பாதிக்கப்பட்ட குடும்பத்தாரே, சாட்சி பிறழ்ந்தபின் நீதிமன்ற வாசலில் நின்று அழாதீர்கள். விசாரணை தொடங்கிய வாரத்திலேயே இன்ஸ்பெக்டரிடம் கேளுங்கள்: "சாட்சிகளை மாஜிஸ்திரேட்டிடம் எப்போது அழைத்துப் போகிறீர்கள்?"