தரையிலேயே டாலி பார்த்தவர்கள்

(தேசிய அறிவியல் தினத்தையொட்டி நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்துவிட்டு பாங்கில் கிளார்க்காக இருந்தவன். கேஷ் டாலி ஆகாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாத வேலை அது. ராக்கெட் செய்பவர்களும் அப்படித்தான். கீழேயே கணக்கைச் சரிபார்த்துவிட்டுத்தான் மேலே அனுப்புகிறார்கள். அப்படிப் பார்க்கிற ஒரு இடம்தான் விண்ட் டனல், அதாவது காற்றுச் சுரங்கம்.

ராக்கெட்டின் சிறிய மாடலை அசையாமல் பொருத்தி, அதன்மேல் காற்றைப் பாய்ச்சுவார்கள். எந்தப் பக்கம் எவ்வளவு விசை தாக்குகிறது என்று கருவி சொல்லிவிடும். ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் அதிர்ச்சி அலைகள் கிளம்பும். குறைந்த வேகத்தில் போட்ட கணக்கு அங்கே செல்லாது. அதற்கென்றே ஒலியை மிஞ்சும் காற்று வேண்டும்.

நம் நாட்டில் இதற்கான முதல் சுரங்கத்தை 1950களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சதீஷ் தவான் அமைத்தார். மாடல் வைக்கும் இடம் 1 அங்குலத்துக்கு 3 அங்குலம்தான்! ஒரு தீப்பெட்டி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1959இல் தேசிய விமானவியல் ஆய்வகம் டெல்லியில் தொடங்கியது. அடுத்த ஆண்டே பெங்களூருக்கு வந்து, மைசூர் மகாராஜா அரண்மனையின் குதிரை லாயத்தில் குடியேறியது. முதல் இயக்குநர் பி. நீலகண்டன். 1967இல் அங்கே 1.2 மீட்டர் சுரங்கம் இயங்கத் தொடங்கியது. பரப்பளவில் பார்த்தால் தவானுடைய சுரங்கத்தைப்போல் 700 மடங்குக்கு மேல். ஒலியைப்போல் 4 மடங்கு வேகம் வரை காற்று வரும்.

அது வேலை செய்யும் விதம் நம் சேமிப்புக் கணக்கு மாதிரி. ஈரத்தை நீக்கிய காற்றை அழுத்தி, பெரிய தொட்டிகளில் சேர்த்து வைப்பார்கள். வால்வைத் திறந்ததும், குறுகி விரியும் குழாய் வழியே அது ஒலியை மிஞ்சிப் பாயும். சேர்த்ததெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் காலி. அதற்குள் அளவுகளை எடுத்துவிட வேண்டும். எஸ்.எல்.வி.-3, பி.எஸ்.எல்.வி., தேஜஸ் எல்லாம் இங்கே மாடலாக நின்ற பிறகே வானுக்குப் போனவை.

சுரங்கத்தில் தேறினால் எல்லாம் தேறியதாகிவிடாது. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 வங்கக் கடலில் விழுந்தது. காரணம் ஒரு வால்வு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தே ஆகவேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 1980 ஜூலை 18 அன்று அதே ரக ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

நம் குடியிருப்புக்கும் இதில் சேதி உண்டு. தீயணைப்பு பம்பையும் ஜெனரேட்டரையும் மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்றால், “டீசல் வீண்” என்கிறோம். வசதி குறைந்த காலத்திலேயே நம் நாடு சோதனைக்கென்று செலவு செய்தது. அந்தச் செலவை வீண் என்று இன்று யாராவது சொல்வார்களா? அடுத்த பொதுக்குழுவில் பராமரிப்புச் செலவு வரும்போது இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.